கவுன்சிலிங்குக்குக் கொடுத்த பேர்

மரியரட்ணம் குடிக்க மாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மஸ்கெலியாவுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பெண்ணின் முகம் வீங்கியிருந்தாலும், "பாவம், புருசன் குடிகாரன்" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள். எல்லாப் பழியையும் கசிப்புச் சாராயத்தின் தலையில் கட்டிவிட்டால் மனுசர்கள் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? மரியரட்ணம் கசிப்பை மோந்துகூடப் பார்த்ததில்லை. சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டை ஏந்தி வருகிறவன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அந்தத் தோட்டத்திலேயே கை சுத்தமானவன். அவன் பெண்சாதியை அடிப்பதெல்லாம் தெளிந்த புத்தியோடுதான். குடிகாரன் அடித்தால் காலையில் மறந்துபோவான், சிலபேர் காலில்கூட விழுவார்கள். இவனுக்கு மறதி கிடையாது. போன கிழமை விட்ட இடத்திலிருந்து இந்தக் கிழமை தொடங்குவான்.

பெண்சாதி சுகிர்தம் கேட்டவர்களுக்கெல்லாம் கானில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லிவந்தாள். தேயிலை மலையில் மழைத்தண்ணி ஓட வெட்டிய கான்களுக்குக் குறைவா என்ன? "சுகிர்தம் விழாத கான் இந்தத் தோட்டத்துல எதுடி?" என்று கொழுந்தெடுக்கிற பெண்கள் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். மலையில் அப்படிச் சிரிக்கத் தெரியாதவள் பிழைக்க முடியாது.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பெருமை. ஒரே மகன் வினோஜன் ஆள்மேல் கை வைக்கமாட்டான். பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் உதடு கிழிந்து வருவானே தவிர, இன்னொருவன் உதட்டைக் கிழித்துவிட்டு வந்ததில்லை. மற்றத் தாய்மார்கள் "இப்படிச் சோப்ளாங்கியா வளத்து வச்சிருக்கியே" என்றபோதெல்லாம் அவள் உள்ளுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். இந்தப் பிள்ளைக்குத் தகப்பனின் கை வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அவள் வேறு எதையும் பெரிதாக ஜெபித்ததில்லை.

இப்போது அவன் இறையியல் கல்லூரியில் போதகர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு ஹட்டன் வழியாக பஸ் பிடித்து வந்து இறங்கியவனுக்கு, அன்றைக்குச் சாயந்தரம் சுகிர்தம் ரொட்டி சுட்டுக் கட்டச் சம்பல் இடித்து வைத்தாள். வெளியே நாலு நாளாக விடாத மழை. கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கக் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"வர்ற வருசத்துக்கு ஒரு பாடம் நாங்களாத் தெரிஞ்சு எடுக்கணும்பா. தெரிவுப் பாடம்னு சொல்றது," என்றான் வினோஜன்.

"என்னென்னா இருக்கு?"

"கிரேக்கம் இருக்கு. சங்கீதம் இருக்கு. பௌத்த சமயம் இருக்கு. அப்புறம்..." கடைசியை ரொட்டியோடு சேர்த்து விழுங்கினான்.

"பௌத்தம் படிக்கவா ஒன்னையப் போதகர் காலேஜுக்கு அனுப்புனோம்? அதுக்கு விகாரைக்கே போயிருக்கலாமே!" மரியரட்ணம் தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். அவன் சிரித்தால் வீட்டில் மற்றவர்களும் சிரிக்க வேண்டும், சிரித்தார்கள். "கிரேக்கம் எடு. இதுல யோசிக்க என்னா கெடக்கு?"

கிரேக்கத்தின்மேல் அவனுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்றால், ஈஸ்டருக்கு வந்த ஒரு பெரிய போதகர் பிரசங்கத்தின் நடுவில் நாலைந்து தரம், "மூல பாஷையான கிரேக்கத்தில் இதன் அர்த்தம் என்னவென்றால்" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். சபையே வாயைப் பிளந்தது. தன் மகனும் ஒருநாள் அப்படிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்ல வேண்டும், தான் முன் வாங்கில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று மரியரட்ணம் அன்றைக்கே தீர்மானித்துவிட்டான். மகனுக்குக் கண்ணாடி இல்லை, அது வேறு விஷயம். "எங்க தம்பி கிரேக்கம் எடுக்குறாரு" என்று சபை முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. மேல்மலையில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெட்டிப் போட்ட மிலாறு பொறுக்க சுகிர்தம் அங்கே போனாள். தேயிலைச் செடியின் அந்தக் கட்டைக் கிளைகள்தான் லயத்து அடுப்புக்கெல்லாம் விறகு. ஈரமாக இருந்தாலும் எலும்பைப்போல உறுதியாக இருக்கும். வினோஜனும் கூட வந்து கட்டிக் கொடுத்தான். மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. இலையெல்லாம் போய் மொட்டைக் கட்டைகளாக நின்ற மலையில் அட்டை மட்டும் குறைவில்லாமல் ஏறியது.

"அம்மா, நான் கிரேக்கம் எடுக்கல."

"பின்ன என்னாத்த எடுக்கப் போற?"

"கவுன்சிலிங்."

சுகிர்தம் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த வார்த்தைக்கு அந்த லயத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. போன வருசம் கடைசிக் காம்பரா வீட்டில் இருந்த கணேசமூர்த்தி பெண்சாதியின் கையை முறித்துவிட்டான். அவள் நேரே டவுனுக்குப் போய்ப் பொலிஸில் பேர் கொடுத்துவிட்டாள். அங்கே பெண்கள் பிரிவில் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தி சொன்னார்கள். அதற்குக் கவுன்சிலிங் என்று பெயர். அன்றிலிருந்து அவன் கவுன்சிலிங் கணேசு ஆகிவிட்டான். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி அப்படித்தான் கூப்பிட்டார், ஹசன் நானா கடையில் சாமான் கட்டுகிறவன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். மானம் தாங்காமல் அவன் கொழும்புக்கு ஓடிப்போனான். பெண்சாதி கையை முறித்தபோது போகாத மானம் அது.

"அந்தப் பேச்ச எடுக்காத சாமி," என்றாள்.

"அது வேறம்மா, இது வேற. வீடுகள்ல சண்டை வந்தா ஒரு போதகர் எப்புடிப் பேசணும், என்னா கேக்கணும்னு படிச்சுக் குடுப்பாங்க."

"எந்த வீட்டுல?"

வினோஜன் கயிற்றை இறுக்கினான். பிறகு, "சின்னதுல நான் அடுப்பு மூலையில காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேனே, ஒங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றான்.

தெரியாமல் என்ன? அடி வாங்கும்போதெல்லாம் அவள் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கிரேக்கத்தையே எடுத்துக்க. படிச்சு முடிச்சு, அங்கியப் போட்டுக்கிட்டு எங்கயாச்சும் தூரமாப் போயிரு. எனக்கு அது போதும். இந்த வீட்ட நீ திருத்த வேணாம்."

"இன்னைக்குள்ள பேர் குடுக்கணும். நான் குடுத்துருவேன்," என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது பீலிக்கரையில் மட்டும்தான். தண்ணி விழுகிற பீலிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும். அன்றைக்குச் சாயந்தரம் வினோஜன் அந்தக் கல்லில் நின்று, கூடப் படிக்கிற ஜொய்சியோடு தண்ணிச் சத்தத்துக்கு மேலே உரத்துப் பேசிக்கொண்டிருந்தான். பீலிக்கு இந்தப் பக்கம் முட்டைக்கோவா பாத்தியில் குனிந்து புழுப் பொறுக்கிக்கொண்டிருந்த தகப்பனை அவன் பார்க்கவில்லை.

"ஆமா ஜொய்சி, கவுன்சிலிங்குக்குப் பேர் குடுத்தாச்சு... இல்ல, அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்."

நம் பாஷையில் ஒரு வசதி இருக்கிறது. யார் கொடுத்தார்கள், யார் பேரைக் கொடுத்தார்கள் என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். வினோஜன் தன் பேரைத்தான் சொன்னான். மரியரட்ணத்தின் காதில் விழுந்தது மரியரட்ணத்தின் பேர். பொலிஸில் தன்னை எழுதிக் கொடுத்துவிட்டார்கள், பெண்சாதிக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும், இனி நாளைக்குப் பெரட்டுக் களத்தில் தானும் ஒரு கவுன்சிலிங்தான் என்று அவனுக்குப் பட்டது. கையிலிருந்த புழுவை மண்ணில் தேய்த்துவிட்டு எழுந்தான்.

சுகிர்தம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் உள்ளே வந்து கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டான். பிறகு சட்டைக் கையை மடித்தான். முதலில் வலது கை, பிறகு இடது கை, இரண்டும் முழங்கைவரை, சுருக்கமில்லாமல். அது எப்போதும் நடப்பது. அந்த மடிப்பு முடியும்வரை அவளுக்கு யோசிக்க நேரமிருக்கும், என்ன தப்புச் செய்தோம் என்று.

"யாருகிட்ட பேர் குடுத்த?"

"என்னா பேருங்க?"

"நடிக்காத. கவுன்சிலிங்குக்கு. பொலிஸுக்கா குடுத்த, இல்ல தோட்டத்துக்கு வர்ற அந்த என்ஜிஓ மிஸ்ஸுக்கா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் முதல் அறை விழுந்தது. அரிசிச் சட்டி உருண்டு அடுப்புவரை தண்ணி ஓடியது. அவளுக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. "அது ஒங்க மகன் எடுத்த பாடம்" என்று நாலு வார்த்தை சொன்னால் போதும், தன்மேல் பழியில்லை. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். சொன்னால் அந்தக் கை மகன் பக்கம் திரும்பும். கிரேக்கம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனை மகன் ஏமாற்றிவிட்டான் என்றால் சும்மா விடுவானா? மகன் அடி வாங்குவான் என்பதல்ல அவளுடைய பயம். அவன் இப்போது அடுப்பு மூலையில் காதைப் பொத்துகிற பிள்ளை இல்லை. திருப்பி அடித்துவிட்டால்? இத்தனை வருசம் காத்துவைத்த ஒன்றும் போய்விடுமே.

"ஆமாங்க," என்றாள். "நாந்தான் குடுத்தேன்."

மரியரட்ணம் அதை எதிர்பார்க்கவில்லை. அவள் அழுவாள், மறுப்பாள், தான் கேட்டுக் கேட்டு அடிக்கலாம் என்றுதான் வந்திருந்தான். அடுப்போரம் சாய்த்திருந்த கட்டிலிருந்து ஒரு மிலாறை உருவினான். அன்றைக்கு அவள் பொறுக்கியது, மகன் தலையில் சுமந்து வந்தது.

"எம் பேரயா குடுத்த? எம் பேரயா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது. தலையைக் காக்கத் தூக்கிய கையில் விழுந்தது. தலைமயிரைச் சுற்றிப் பிடித்து முகத்தைச் சுவரோடு மோதினான். மூக்கிலிருந்து வந்த இரத்தம் வாய்க்குள் போனது. அவன் குரல் உயரவே இல்லை, அடுத்த காம்பராவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அவனுக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்த இராமையாவுக்குக் கேட்டது.

"மூப்பரே! போதும் மூப்பரே! தங்கச்சி செத்துரும்!" என்று அவர் சுவரைத் தட்டினார். தட்டிவிட்டு வெளியே ஓடிப் பீலிக்கரையைப் பார்த்துக் கத்தினார். "தம்பி! ஓடியா தம்பி!"

கதவு இரண்டாவது உதையில் கொண்டியோடு பெயர்ந்து விழுந்தது. வினோஜன் தாயைப் பார்த்தான். தகப்பன் ஓங்கிய மிலாறைப் பிடித்து, முறுக்கிப் பறித்து, அதே வேகத்தில் திருப்பி அடித்தான். மரியரட்ணத்தின் முன்கையில் விழுந்தது. முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையும் நின்றிருக்கும், ஊரும் நல்ல பிள்ளை என்று பாராட்டியிருக்கும். வினோஜனும் நின்றான்தான். மிலாறைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். சட்டைக் கையை மடித்தான். வலது கை, பிறகு இடது கை, முழங்கைவரை. அப்புறம் மிலாறைக் கையில் எடுத்தான்.

"இனி கை வப்பீங்களா? சொல்லுங்க. கை வப்பீங்களா?"

கேள்விக்கு ஓர் அடி. உட்கார்ந்திருந்தவனின் தோளில் ஒன்று, முழங்காலில் ஒன்று, முறிந்த கையின்மேலேயே இன்னொன்று. மரியரட்ணம் அலறினான். அந்த வீட்டில் அவன் அலறிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வினோஜனின் முகத்தில் கோபம்கூட இல்லை. வேலை செய்கிறவனின் முகம்தான் இருந்தது. சுகிர்தம் தவழ்ந்து போய்ப் புருசன்மேல் விழுந்து மறைத்தாள். அடுத்த அடி அவள் முதுகில் விழுந்தது. யார்மேல் விழுகிறது என்று அவன் பார்க்கவில்லை. இராமையா வந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு போன பிறகுதான் மிலாறு கீழே விழுந்தது.

தோட்டத்து லொறியில் மரியரட்ணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டபோது, "கான்ல வழுக்கி விழுந்துட்டேங்க" என்றான். பெற்ற பிள்ளை அடித்தான் என்று எந்த மூப்பர் சொல்லுவான்? பார்க்க வந்த சபைக்காரர்களும் நம்பியதுபோல் தலையாட்டினார்கள். ஒரு வீட்டு மானத்தைக் காப்பதில் எல்லோருக்கும் என்ன ஒற்றுமை!

ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் வினோஜன்தான் பிரசங்கம் பண்ண வேண்டும். ஏற்கனவே ஒத்துக்கொண்டது. காலையிலேயே குளித்து வெள்ளைச் சட்டை போட்டான். சுகிர்தமும் ஒரு கண் மூடிய நிலையில், நல்ல சேலையை எடுத்துக் கட்டத் தொடங்கினாள்.

"நீங்க இன்னைக்கு வர வேணாம்."

"ஏன் சாமி? வலியத் தாங்கிக்குவேன். நீ பேசுறதக் கேக்கணும்."

"மொகத்தப் பாத்தா கேப்பாங்க. அப்பா விழுந்துட்டாருனு சொல்லியாச்சு. இனி இந்த வீட்டுல ஒண்ணும் நடக்காது, நான் பாத்துக்கிறேன். நீங்க உள்ளயே இருங்க."

"கேட்டாக் கேக்கட்டுமே. நான் என்னா களவா எடுத்தேன்?"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "சொன்னாக் கேளுங்கம்மா," என்றான். குரல் உயரவில்லை. பிடியை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவப் போய்விட்டான். அவள் கையில் நாலு விரலும் பதிந்து சிவந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை.

சுகிர்தத்துக்குப் பயம் வந்தது. நேற்று சுவரில் மோதியபோது வராத பயம். புருசனுக்குப் பயப்படுவது பழகிப்போன விஷயம், எந்த நேரத்தில் எவ்வளவு என்று அளவு தெரியும். இது வேறு. தன் வயிற்றில் பிறந்ததைப் பார்த்து இப்படி நடுங்குவோம் என்று அவள் நினைத்ததே இல்லை. அவன் வேத புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டதும், சேலையைக் கட்டி முடித்து, படியிறங்கி, சேர்ச்சுக்குப் போகிற பாதையை விட்டு டவுனுக்குப் போகிற ரோட்டில் இறங்கினாள்.

மேலேயிருந்து பார்த்துவிட்டு வினோஜன் ஓடிவந்தான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவனும் தொற்றி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்க போறீங்க?"

"பொலிஸுக்கு."

வினோஜனின் முகம் தெளிந்தது. "செய்யுங்கம்மா. இத்தன வருசத்துக்கு இப்பவாச்சும் செய்யுறீங்களே. அப்பாவ ஒரு நாளாவது அங்க உக்கார வைக்கணும். நானும் கூட வர்றேன். பிரசங்கம் கெடந்துட்டுப் போகுது," என்றான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெண்கள் பிரிவில் ஒரு சிங்களப் பொலிஸ் பெண் இருந்தாள், சின்ன வயசு. முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "மொகத வுணே அம்மே?" என்ன நடந்தது என்று கேட்டாள். சுகிர்தம் சந்தையிலும் பஸ்ஸிலும் பழகிய சிங்களத்தில், பாதியைக் கையால் காட்டி, எல்லாம் சொன்னாள். மிலாறைச் சொன்னாள், சுவரைச் சொன்னாள். தான் பொலிஸில் சொல்லிவிட்டதாக ஒரு பொய் சொல்லி அடி வாங்கியதையும் சொன்னாள். செய்யாததற்கு வாங்கியாயிற்று, இனிச் செய்துவிட்டே வாங்கலாம் என்று அவள் சொன்னபோது பொலிஸ் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நம?" பேர் கேட்டாள்.

"மரியரட்ணம். மகே மஹத்தயா." என் வீட்டுக்காரர்.

பொலிஸ் பெண் எழுதினாள்.

"தவ எக்கெனெக் இன்னவா மிஸ்," என்றாள் சுகிர்தம். இன்னும் ஒருவர் இருக்கிறார். பக்கத்தில் நின்றவனைக் கையால் காட்டினாள். "மகே புத்தா. வினோஜன்." என் மகன்.

"அம்மா!" அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. "என்னா பேசுறீங்க? நான் ஒங்களக் காப்பாத்துனேன்!"

"காப்பாத்துன சாமி. இல்லங்கல. மொத அடி எனக்காக அடிச்ச. அதுக்கப்புறம் நின்னு சட்டைக் கைய மடிச்சியே, அது யாருக்காக?"

அவன் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். அப்படி மடித்தது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எம் பேரு இங்க விழுந்தா என்னையப் போதகராக்க மாட்டாங்கம்மா. காலேஜுலருந்தே நிப்பாட்டிருவாங்க."

"நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும்." அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். வீங்காத கண்ணிலிருந்து மட்டும் தண்ணி வழிந்தது. "நாளைக்கு நீ ஒருத்தியக் கட்டிக்கிட்டு வருவ. அவ மொகம் எனக்குத் தெரியாது, பேரு தெரியாது. அவளுக்காகத்தான் நான் இன்னைக்கு ஆண்டவரையும் விட்டுட்டு இங்க வந்து நிக்கிறேன். அடுத்தவனுக்குப் புத்தி சொல்லப் படிக்கப் போறேன்னியே, மொதல்ல நீ இந்தப் பக்கம் உக்காரு."

பொலிஸ் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தாயையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு நாற்காலியைக் காட்டினாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். வாசலைப் பார்த்தான். ரோட்டில் ஞாயிற்றுச் சந்தைக்குப் போகிற சனம். கடைசியில் உட்கார்ந்தான்.

வயசு கேட்டாள், சொன்னான். "ரஸ்ஸாவ?" என்ன வேலை என்று கேட்டபோது அவன் தாயைத் திரும்பிப் பார்த்தான்.

"இகெனகன்னவா மிஸ்," என்றாள் சுகிர்தம். படிக்கிறான்.